அடுத்த கச்சேரி எந்த ஊரில்?

பங்குனி பிறந்ததும் எங்கள் ஊர் டீக்கடையின் பக்கச் சுவரில் திருவிழா நோட்டீஸ்கள் ஏறத் தொடங்கும். மஞ்சள், ரோஸ், வெளிர்பச்சை. உச்சியில் அம்மன் படம், அதற்குக் கீழே நாள் நட்சத்திரம், அதற்கும் கீழே உபயதாரர்களின் பெயர்கள் பொடியெழுத்தில். நான் அதையெல்லாம் தாண்டி நேரே கடைசி வரிகளுக்குப் போவேன். ராத்திரி என்ன வைத்திருக்கிறார்கள்? பம்பை உடுக்கையா, இன்னிசைக் கச்சேரியா, தெருக்கூத்தா? கூத்து என்றால் எந்த ஜமா? எத்தனை ராத்திரி? படித்ததைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஊர்வாரியாக எழுதிவைப்பேன். சித்திரைக்குள் அந்தப் பக்கங்கள் நிறைந்துவிடும். வீட்டில் யாராவது “அடுத்தது எங்கடா?” என்று கேட்டால் நோட்டைத் திறக்காமலே சொல்லுவேன்.

கவரைப்பேட்டையில் ரயிலைவிட்டு இறங்கிச் சத்தியவேடு சாலையைப் பிடித்தால் எங்கள் தேர்வாய் கண்டிகைப் பக்கம் வந்துவிடலாம். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்தே வரும். இன்று அந்த வழியில் போகிறவர்களுக்கு முதலில் தெரிவது சிப்காட்டின் அகலமான சாலைகளும் மிஷலின் டயர் ஆலையும். நான் சிறுவனாக இருந்தபோது அது ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்ச்சல் காடு. ஆடு மாடு போகும், விறகு கிடைக்கும். 2000-களின் பின்பாதியில் அதைத் தொழிற்பூங்காவுக்கு எடுத்தபோது ஊர்க்காரர்கள் விடாமல் எதிர்த்து நின்றார்கள். அந்தக் காட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனக்கிறது. ஏரியும் மாறிப்போயிற்று. கண்ணன்கோட்டை ஏரியையும் எங்கள் ஏரியையும் இணைத்துச் சென்னையின் குடிநீருக்காக நீர்த்தேக்கம் கட்டி 2020 நவம்பரில் திறந்தார்கள். கொள்ளளவு 50 கோடி கன அடி. கூத்துப் பார்க்க நாங்கள் குறுக்கே நடந்துபோன நிலத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

அந்த நடைதான் கச்சேரியின் முதல் பாதி. ஆயா முன்னால் போவாள், கக்கத்தில் சுருட்டிய கோரைப்பாய். மடியில் வறுத்த வேர்க்கடலை. மாமா டார்ச் லைட்டோடு கடைசியில் வருவார், பாம்புக்காகத் தரையைத் தட்டிக்கொண்டே. ஏரிக்கரை ஏறியதும் எதிர்க்காற்றில் மத்தளச் சத்தம் துண்டு துண்டாக வரும். “ஆரம்பிச்சுட்டாங்க” என்று நான் ஓடப் பார்ப்பேன். “இன்னும் களரி கட்டறாங்கடா, மெதுவா வா” என்பாள் ஆயா. வெறும் தாளத்தைக் கேட்டே கூத்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்கள் நிறைய. திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் அதே பாரதம் கூத்தாக. அர்ச்சுனன் தபசுக்கு உயரமான மரம் நட்டு, வேஷக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணில் படுத்துக்கிடக்கும் பிரமாண்டமான துரியோதனனைச் சுற்றிச் சண்டை, சாயங்காலம் தீமிதி. கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். பாஞ்சாலி எப்போது கூந்தலை முடிவாள் என்று ஆடு மேய்க்கும் பையனும் சொல்லுவான். அப்படியிருந்தும் ஒவ்வொரு வருஷமும் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பார்ப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்றைக்கு இவர் இதை எப்படிப் பாடப்போகிறார் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஒரு ராத்திரி கர்ணன் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் வேட்டி மாதிரி ஒரு துணியைப் பிடித்திருந்தார்கள். மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. அவர் ஓர் அடியை முடிக்கும் இடத்தில் முகவீணைக்காரர் அதன் வாலைப் பிடித்துத் திருப்பி வாசிப்பது வழக்கம். அன்றைக்கு முகவீணை திருப்பி வாசித்துவிட்டு நிற்கவில்லை. இன்னும் ஒரு சுற்று மேலே ஏறிவிட்டு இறங்கியது. வேஷக்காரர் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு அந்த ஏறிய இடத்திலிருந்தே அடுத்த அடியை எடுத்தார். முகவீணை வேறு பக்கமாகப் போயிற்று. அவரும் போனார். மத்தளக்காரர் சிரித்துக்கொண்டே இருவருக்கும் நடுவில் அடியை மாற்றி மாற்றிப் போட்டார். ஆர்மோனியக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு இவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று காத்திருந்தார். திரை விலக வேண்டிய நேரம் தாண்டிப் போய்விட்டது. துணி பிடித்தவர்கள் கை மாற்றிக்கொண்டார்கள். ஆயா வேர்க்கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு, “இன்னிக்கு ரெண்டு பேருக்கும் ஒத்துக்கிச்சு” என்றாள்.

மறுவருஷம் அதே ஜமா, அதே கர்ணன். நான் அந்த இடத்துக்காகவே தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். அது வரவில்லை. அதற்குப் பதிலாக விடியற்காலையில் கட்டியங்காரன் எங்கள் ஊர் பஸ் ஒரு வாரமாக வராத கதையைத் துரியோதனன் சபையில் முறையீடாக வைத்து, அதற்கு மத்தளமும் பதில் சொல்ல, அரைமணி நேரம் ஊரே அதிர்ந்தது. நேரில் கேட்கும் இசையில் போன முறை வந்தது இந்த முறை வராது, வேறொன்று வரும் என்பது எனக்கு அந்தப் பாயின் மேல்தான் பழகியது. பின்னாளில் ஜாஸ் கேட்க உட்கார்ந்தபோது யாரும் எனக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

பேண்டு செட் வேறு உலகம். கல்யாண ஊர்வலத்துக்கும் வரும், கல்யாணச் சாவுக்கும் வரும். சாயம் போன சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகைக் கயிறு, கிளாரினெட், ட்ரம்பெட், பெரிய டிரம், சின்ன டிரம், எல்லாருக்கும் முன்னால் சாக்ஸபோனோடு மாஸ்டர். அவருடைய சாக்ஸில் ஒரு சாவி தளர்ந்துபோய் ரப்பர் பேண்டு சுற்றியிருக்கும். டியூப்லைட் தூக்கி வருகிறவர்களின் வெளிச்சத்தில் அந்த வளைந்த பித்தளை மின்னுவதைப் பார்த்துக்கொண்டே நான் பின்னோக்கி நடப்பேன். எம்.ஜி.ஆர். பட மெட்டுகளை வரிசையாக வாசித்துக்கொண்டு வருவார். தெரு முனையில் ஊர்வலம் நிற்கும். பட்டாசு வெடிப்பார்கள், பையன்கள் ஆடுவார்கள், ஜெனரேட்டர் வண்டி திரும்பக் கஷ்டப்படும். அந்த இடைவெளியில் மாஸ்டர் பாட்டைவிட்டு மெல்ல வெளியே போவார். பல்லவியின் கடைசிச் சொல்லைப் பிடித்து இழுப்பார், அடியில் கொண்டுபோய் உறும வைப்பார், திடீரென்று மேலே கொண்டுபோய்க் கதற வைப்பார். வண்டி நகர்ந்ததும் ஒன்றும் நடக்காதது போலப் பாட்டுக்குள் வந்துவிடுவார். அந்தத் தெருமுனைகளுக்காகத்தான் நான் ஊர்வலம் முடியும்வரை போவேன்.

மாமா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். இரும்புச் சூட்டில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவருக்குக் காதில் பாட்டு வேண்டும். சம்பள நாளில் மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய்ப் பர்மா பஜாரில் கேசட் வாங்கி வருவார். சென்னை வானொலியின் பண்பலையையும் எங்கள் வீட்டு டிரான்ஸிஸ்டரில் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். ஏரியலில் செம்புக் கம்பி சுற்றி வேப்பமரக் கிளையில் கட்டியிருந்தார். இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977-ல் சென்னையில்தான் தொடங்கியது என்று சொல்லும்போது ஏதோ தானே தொடங்கி வைத்தது போன்ற பெருமை அவர் முகத்தில் இருக்கும்.

1994-ல் ‘டூயட்’ வந்தது. பாலசந்தர் படம், ரஹ்மான் இசை, பிரபு சாக்ஸபோன் வாசிக்கும் கலைஞன். மாமா கேசட்டைப் போட்ட முதல் நிமிஷத்திலேயே நான் வாசலிலிருந்து உள்ளே ஓடிவந்தேன். எங்கள் மாஸ்டரின் அதே வாத்தியம். ஆனால் இது உறுமவில்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படி இல்லாமல் இறங்கியது. வாசித்தவர் கத்ரி கோபால்நாத் என்று மாமா பத்திரிகையைப் பார்த்துச் சொன்னார். மங்களூர்ப் பக்கத்துக்காரர், 1949-ல் பிறந்தவர், அப்பா நாதஸ்வர வித்வான். பையன் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு, இனி இதுதான் என்று முடிவு கட்டிவிட்டான். பெல்ஜியக்காரரான அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் காப்புரிமை வாங்கிய கருவி அது. அதில் கமகம் கொண்டுவர கத்ரி வருஷக்கணக்காக மல்லுக்கட்டினார், சாவிகளிலேயே மாற்றங்கள் செய்தார். சென்னைக்கு வந்து டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றார். ‘டூயட்’டில் அவர் வாசித்த அந்த முக்கியமான மெட்டு கல்யாண வசந்த ராகம்.

மாமாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. மாஸ்டரை ஒரு மத்தியானம் வீட்டுக்குக் கூப்பிட்டார். கோட்டு இல்லாமல், கட்டம்போட்ட லுங்கியில், மேல்துண்டோடு வந்த அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஆயா மோர் கொடுத்தாள். கேசட் ஓடியது. மாஸ்டர் கண்ணை மூடவில்லை, தலையாட்டவில்லை. டேப் ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மாஸ்டர், எப்படி?”

“நாயனத்த ஊதறாருப்பா இவரு” என்றார். “கையில இருக்கறது சாக்ஸு. உள்ள இருக்கறது நாயனம். இன்னொரு வாட்டி போடு.”

அன்று சாயங்காலம்வரை அந்த ஒரே இடத்தை ரீவைண்ட் செய்துகொண்டிருந்தோம். நாடா அறுந்துவிடும் என்று மாமா பயந்தார். மாஸ்டருக்கு ராகத்தின் பெயர் தெரியாது. மாமா படித்துச் சொன்னபோதும் அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாயாலேயே அந்த இறக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜாஸ் என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது இதே கத்ரியின் வழியாகத்தான். பம்பாயில் 1978-ல் நிரஞ்சன் ஜவேரி ‘ஜாஸ் யாத்ரா’ என்று பெரிய விழா ஒன்றைத் தொடங்கி வைத்தார். 1980 விழாவில் கத்ரி வாசித்ததைக் கேட்டு, கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருந்த சாக்ஸ் கலைஞர் ஜான் ஹேண்டி அவரோடு சேர்ந்து மேடையேற விரும்பினார், ஏறினார். இதை மாமா சொன்னபோது நான் கேட்டேன், ஜாஸ் என்றால் என்ன மாமா? அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “பாட்டு எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதான்டா. மில்லு விட்டு வூட்டுக்கு வர்ற மாதிரி. ஆனா இன்னிக்கு எந்தச் சந்துல பூந்து வூட்டுக்கு வர்றான், அதான் ஜாஸு.” இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் அட்டைப்படம் இல்லாத ஒரு கேசட் வந்தது. மேலே பேனாவால் ‘சக்தி’ என்று மட்டும் எழுதியிருந்தது. பக்திப் பாட்டு என்று நினைத்து ஆயா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கிதாரும் வயலினும் தலைதெறிக்க ஓடின. நடுவில் யாரோ பானையைத் தட்டினார்கள். ஆயா பதறிவிட்டாள். “யார்ரா அது பானைய இந்த அடி அடிக்கறது, உடைஞ்சிடப் போவுதுடா!” அது கடம், வாசித்தவர் விக்கு விநாயக்ராம், அந்தப் பானை மானாமதுரைப் பக்கம் இதற்கென்றே வனைவது என்று மாமா சொன்னார். ஆயா நம்பவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

கிதார் ஜான் மெக்லாஃப்லின், மைல்ஸ் டேவிஸோடு வாசித்த ஆங்கிலேயர். நம்முடைய எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். வயலின் எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், ‘மால்குடி டேஸ்’ தொடருக்கு இசையமைத்த எல். வைத்தியநாதனின் தம்பி. தபேலா ஜாகிர் உசேன், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். 1975 ஜூலையில் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நேரடியாக வாசித்தபோது பதிவு செய்ததாம். இந்தப் பெயர்களெல்லாம் எனக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன. அன்று கேட்டது கிதார் ஒன்று சொல்ல, வயலின் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போவதை. அந்த ஓட்டம் பதினெட்டு நிமிடம் நீண்டது. திரைக்குப் பின்னால் நின்ற கர்ணனும் முகவீணைக்காரரும் எனக்கு உடனே நினைவில் வந்தார்கள். கடைசியில் கைதட்டல் கேட்டது. அங்கேயும் எங்களைப் போலவே ஜனங்கள் உட்கார்ந்து, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் காத்திருந்திருக்கிறார்கள் என்பதை நினைத்து எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

பெரியவனாகி வேலைக்குப் போன பிறகுதான் மற்ற கதைகள் கிடைத்தன. 1958-ல் டேவ் புரூபெக் இந்தியாவுக்கு வந்தபோது சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். இடது கை மிருதங்கம், புதுக்கோட்டை வழி. லயத்தில் அவருக்கு ஈடு சொல்ல ஆள் குறைவு. எதிரே அமெரிக்கப் பியானோ. அந்த அறையில் ஒரு மூலையில் நிற்கக் கிடைத்திருந்தால் போதும் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன். 1963-ல் டியூக் எலிங்டன் தன் முழு வாத்தியக் குழுவோடு இந்தியா வந்தார். அந்தப் பயணத்தின் தடம் ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ என்ற இசைத்தொகுப்பில் இருக்கிறது.

இன்றைக்கு நான் ஓயாமல் கேட்பது விஜய் ஐயரின் பியானோ. அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், சிறு வயதில் முறையாகக் கற்றது வயலின், பியானோ தானாகக் காதால் பழகியது. அவருடைய தாளக் கணக்கில் எங்கோ ஒரு கோர்வை முடிவது நம் காதுக்குத் தெரிந்துவிடும். அவரும், கிதாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவும், தபேலா நிதின் மித்தாவும் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட ‘தீர்த்தா’ என் பையிலேயே இருக்கிறது. பாடகி கானவ்யா தமிழில் ஒரு வரியை எடுத்து ஜாஸின் நடுவில் வைத்துப் பாடும்போது வேலையை நிறுத்திவிடுவேன். சாக்ஸ் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பா கத்ரியோடு சேர்ந்து 2008-ல் வெளியிட்ட ‘கின்ஸ்மென்’ இசைத்தொகுப்பை, இரண்டு சாக்ஸ்களில் எது யாருடையது என்று பிரித்துப் பிரித்துக் கேட்டிருக்கிறேன். கத்ரி 2019 அக்டோபரில் போய்விட்டார். ஜாகிர் 2024 டிசம்பரில். சக்தி குழுவின் ‘திஸ் மொமென்ட்’ கிராமி விருது வாங்கிய அதே வருஷம்.

ஏப்ரல் 30-ஐ உலக ஜாஸ் நாள் என்று யுனெஸ்கோ அறிவித்திருக்கிறது. அந்தத் தேதி நெருங்கும்போது சென்னையில் எங்கே மேடை போடுகிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவேன். அது சித்திரை, எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்து நடக்கும் மாதமும்கூட. இரண்டும் ஒரே ராத்திரியில் வந்தால் நான் கூத்துக்குத்தான் போவேன். பியானோவை அடுத்த மாதமும் கேட்கலாம். முகவீணை வாசிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஒவ்வொருவரும் எனக்கு முக்கியம்.

‘டூயட்’ வந்த அந்த வருஷ மார்கழியில் மாமா எங்களைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். என்னையும் மாஸ்டரையும். மயிலாப்பூர் சபா ஒன்றில் கத்ரி கோபால்நாத், வயலின் கன்யாகுமரி. மாஸ்டர் சலவைச் சட்டை போட்டு, விபூதி பூசி வந்திருந்தார். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறியதிலிருந்து பேசவில்லை. எங்களுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. பளபளக்கும் சட்டையும் விரல் நிறைய மோதிரமுமாகக் கத்ரி சப்பணமிட்டு உட்கார்ந்து சாக்ஸபோனைக் குறுக்கே பிடித்தபோது, மாஸ்டர் என் கையை அழுத்தினார். “உக்காந்துகினு வாசிக்கறாருடா” என்றார். ஆயுள் முழுக்கத் தெருவில் நடந்துகொண்டே வாசித்த மனிதர் அவர்.

ஆலாபனையில் கத்ரி ஓர் இடத்தில் நின்று, அதையே நாலைந்து விதமாகத் திருப்பினார். கன்யாகுமரி ஒவ்வொன்றுக்கும் பதில் தந்துவிட்டு ஐந்தாவதை மட்டும் மாற்றினார். கத்ரி சிரித்தார். மாஸ்டர் எழுந்தே நின்றுவிட்டார். பின்னால் யாரும் இல்லாததால் யாரும் அதட்டவில்லை.

ரயிலில் திரும்பும்போது அவர் வாய் ஓயவில்லை. உதட்டை எப்படி வைத்தார், கன்னம் உப்பவே இல்லை பார்த்தாயா, நாக்கை எங்கே தொடவில்லை தெரியுமா என்று பொன்னேரி தாண்டும்வரை மாமாவைத் துளைத்துக்கொண்டே வந்தார்.

தை மாதம் எங்கள் ஊரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் முதல் தெருமுனையில் நின்றது. பட்டாசு வெடித்து முடிந்தது, ஜெனரேட்டர் வண்டியும் திரும்பிவிட்டது. மாஸ்டர் பாட்டுக்குள் வரவில்லை. அந்த இறக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ரப்பர் பேண்டு போட்ட சாவி முரண்டு பிடித்தது, அவர் விடவில்லை. கிளாரினெட்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் ஒரே சுரத்தைப் பிடித்து அவருக்குத் துணை நின்றார். டிரம்காரர் குச்சியை ஓரத்தில் தட்டினார். “யோவ் மாஸ்டரே, சினிமாப் பாட்டு வாசிய்யா, முகூர்த்தத்துக்கு நேரமாவுது!” என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கத்தினார். “இது சினிமாப் பாட்டுதான் சாமி” என்று வாயிலிருந்து சாக்ஸை எடுத்துச் சொல்லிவிட்டு, மாஸ்டர் விட்ட இடத்திலேயே மறுபடி பிடித்தார். ஆயா திண்ணையிலிருந்து இறங்கி வந்தாள். மாப்பிள்ளை குடைக்குள் வேர்த்து வழிய நின்றுகொண்டிருந்தார். மாமா கூட்டத்துக்குள் புகுந்து டியூப்லைட்டில் ஒன்றை வாங்கி, மாஸ்டரின் விரல்களுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “போடு மாஸ்டர், போடு” என்று கூவிக்கொண்டிருந்தார். ஊர்வலம் அந்தத் தெருமுனையைத் தாண்ட வெகுநேரமாயிற்று.